அமிலத்தின் மேல் விழுந்த பழி

நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் அல்சர் வந்துவிடும் என்ற எச்சரிக்கையைக் கேட்காமல் தமிழ்நாட்டில் யாரும் வளர்வதில்லை. காரத்தைக் கூட்டினால் வரும், வெறும் வயிற்றில் டீ குடித்தால் வரும், கண் விழித்துப் படித்தால் வரும், கவலையை உள்ளேயே போட்டுக் குமைந்தால் வரும் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். இதைப் பாட்டி சொன்ன கதை என்று ஒதுக்கிவிட முடியாது. 1980 வரைக்கும் உலகத்தின் பெரிய மருத்துவக் கல்லூரிகளிலும் ஏறக்குறைய இதைத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். வயிற்றில் அமிலம் மிகுந்து தன் சுவரையே அரித்துப் புண்ணாக்குகிறது, அமிலத்தைத் தூண்டுபவை கவலையும் உணவும் பழக்கவழக்கமும் என்பது பாடம். இவ்வளவு பேர் இவ்வளவு உறுதியாக நம்பிய ஒரு கருத்து இருபது ஆண்டுகளுக்குள் எப்படிச் சரிந்தது என்று பார்த்தால், ஏற்றுக்கொண்ட நம்பிக்கையைக் கேள்வி கேட்பது என்றால் என்ன என்பது துலங்கும். சந்தேகப்படுவது சுலபம், அதற்குப் பெரிய துணிச்சல்கூட வேண்டியதில்லை. எந்தச் சான்று கிடைத்தால் நான் நினைப்பது தப்பு என்று ஒப்புக்கொள்வேன் என்பதை முதலிலேயே முடிவு செய்துவிட்டுச் சந்தேகப்படுவதுதான் கடினம். அந்த இரண்டாம் வகைச் சந்தேகம் மட்டுமே நம்மை உண்மைக்கு அருகில் கொண்டுசெல்கிறது என்பது என் வாதம்.

முதலில் பழைய நம்பிக்கைக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிட வேண்டும். தோற்றுப்போன கருத்துகளை மூடத்தனம் என்று சொல்லிக் கடந்துவிடுவது நமக்கு வழக்கம். அப்படிக் கடந்துவிட்டால் அவை ஏன் அத்தனை காலம் நிலைத்தன என்பது கடைசிவரை புரியாது. இரைப்பை சுரப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். இறைச்சியையே கரைக்கும் அளவுக்குக் கடுமையான திரவம். அமிலம் சுரக்காத வயிற்றில் இந்தப் புண் வருவதில்லை என்று 1910இல் ஷ்வார்ட்ஸ் என்ற அறுவை மருத்துவர் எழுதினார். அது பெரும்பாலும் சரியான கவனிப்பு. 1915இல் சிகாகோ மருத்துவர் பெர்ட்ரம் சிப்பி, நோயாளிக்கு மணிக்கொரு தரம் பாலும் பாலாடையும் கொடுத்து அமிலத்தைத் தணிக்கும் முறையை வெளியிட்டார். பல பத்தாண்டுகளுக்கு அதுவே உலக வழக்கமாக இருந்தது. அது பலிக்காதவர்களுக்கு அமிலச் சுரப்பைத் தூண்டும் நரம்பை வெட்டினார்கள், இரைப்பையின் ஒரு பகுதியையே எடுத்தார்கள். பிறகு பிரிட்டனில் ஜேம்ஸ் பிளாக்கின் ஆய்விலிருந்து பிறந்த சிமெட்டிடின் 1976இல் விற்பனைக்கு வந்தது. அமிலச் சுரப்பை வாசலிலேயே அடைக்கும் மாத்திரை அது. சில வாரங்களில் புண் ஆறியது. அறுவைசிகிச்சைக்குக் காத்திருந்தவர்கள் வீட்டுக்குப் போனார்கள். பிளாக்குக்கு 1988இல் நோபல் பரிசு கிடைத்தது, கிடைக்க வேண்டியதும்தான். அதன் பின்னால் வந்த ரானிடிடின் உலகிலேயே அதிகம் விற்ற மருந்தானது. அமிலத்தைக் குறைத்தால் புண் ஆறுகிறது என்றால் புண்ணுக்குக் காரணம் அமிலம்தான் என்று நினைப்பதில் என்ன தவறு?

தவறு அந்த வாக்கியத்தின் இரண்டாம் பாதியில் இருக்கிறது. ஒன்றைக் குறைத்தால் நோய் தணிகிறது என்பதால் அதுவே நோயை உண்டாக்கியது என்று ஆகிவிடாது. அமிலம் இல்லாமல் புண் இல்லை என்பது உண்மையாக இருக்கலாம். அமிலம் மட்டும் போதுமா என்பது வேறு கேள்வி. அந்தக் கேள்வியைக் கேட்கச் சொல்லி ஒரு சான்று ஒவ்வொரு மருத்துவமனையிலும் கண்ணெதிரே இருந்தது. மாத்திரையை நிறுத்திய ஓராண்டுக்குள் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குப் புண் திரும்பவும் வந்தது. அதே நோயாளி, அதே வலி, அதே இடம். ஒரு சிகிச்சை நோயின் வேரைத் தொட்டிருந்தால் இப்படி நடக்குமா என்று கேட்டிருக்கலாம். கேட்பதற்குப் பதிலாக, அல்சர் என்பது ஆயுள் முழுக்கத் தொடரும் நோய், எனவே மாத்திரையையும் ஆயுள் முழுக்கப் போட வேண்டும் என்று விளக்கம் எழுதினார்கள். நம்பிக்கைக்கு எதிராகச் சாட்சி சொல்ல வந்த தகவலை நம்பிக்கையின் ஒரு பகுதியாகவே மாற்றிக்கொண்டார்கள். ஒரு கருத்து வலுவாக வேரூன்றிவிட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் எனக்குத் தெரியாது. அதை மறுக்கும் தகவல் வருகிறது, யாரும் அதை மறைக்கவும் இல்லை, ஆனாலும் அது மறுப்பாகவே யாருக்கும் தோன்றுவதில்லை.

கவலையால் அல்சர் வரும் என்ற கிளைக்கும் ஓர் அறிவியல் ஆதாரம் கிடைத்தது. 1958இல் அமெரிக்காவின் வால்ட்டர் ரீட் ராணுவ ஆய்வு நிறுவனத்தில் ஜோசப் பிரேடி குழுவினர் குரங்குகளை இரண்டிரண்டாக நாற்காலியில் கட்டி வைத்தார்கள். 20 விநாடிக்கு ஒருமுறை மின்னதிர்ச்சி வரும். ஜோடியில் ஒரு குரங்கின் கைக்கு எட்டும் இடத்தில் ஒரு நெம்புகோல் இருக்கும். அதை அழுத்திக்கொண்டே இருந்தால் அதிர்ச்சி தள்ளிப்போகும். மற்றக் குரங்குக்கு எந்தப் பொறுப்பும் இல்லை. கூட்டாளி தவறினால் அதற்கும் சேர்த்து அதிர்ச்சி. ஆறு மணி நேரம் வேலை, ஆறு மணி நேரம் ஓய்வு. நெம்புகோலை அழுத்திய 'நிர்வாகி' குரங்குகள் புண் வந்து இறந்தன, பொறுப்பில்லாத குரங்குகளுக்குப் புண் வரவில்லை. பொறுப்பு சுமப்பவனுக்கே அல்சர் என்று பத்திரிகைகள் எழுதின. மேலாளர்கள் தங்கள் வயிற்று வலியைப் பதவிக்குக் கொடுத்த விலையாக எண்ணிக்கொண்டார்கள். ஆனால் எந்தக் குரங்கு நிர்வாகி ஆக வேண்டும் என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யவில்லை. முன்னோட்டத்தில் எந்தக் குரங்கு அடிக்கடி நெம்புகோலை அழுத்தியதோ அதற்கே அந்த இடத்தைக் கொடுத்தார்கள். அதாவது இயல்பிலேயே பதற்றம் மிகுந்த குரங்குகள் ஒரு பக்கம் சேர்ந்துவிட்டன. பத்தாண்டுக்குப் பின் ஜே வைஸ் எலிகளை வைத்து, இடங்களைக் குலுக்கல் முறையில் ஒதுக்கி, இதே மாதிரியான சோதனையைச் செய்தபோது முடிவு தலைகீழானது. அதிர்ச்சியைக் கட்டுப்படுத்தும் வாய்ப்பு கிடைத்த எலிகளுக்குப் புண் குறைவு, எதுவும் செய்ய முடியாமல் கிடந்த எலிகளுக்குப் புண் அதிகம். இருந்தும் மக்கள் மனதில் தங்கியது முதல் சோதனைதான். நாம் ஏற்கெனவே நம்பியதை அது சொன்னது. அதனால் குரங்குகளை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

உணவைப் பற்றிய நம்பிக்கையின் கதை இதைவிட நேரானது. நுரையீரல் புற்றுநோய்க்கும் புகைபிடித்தலுக்கும் உள்ள உறவை நிறுவிய ரிச்சர்ட் டால் 1950களில் பத்திய உணவையும் சோதித்துப் பார்த்தார். காரமில்லாத பத்தியச் சாப்பாடு சாப்பிட்டவர்களுக்கும் வழக்கமான சாப்பாடு சாப்பிட்டவர்களுக்கும் இரைப்பைப் புண் ஆறும் வேகத்தில் வித்தியாசம் தெரியவில்லை. புகைபிடிப்பதை நிறுத்தியவர்களுக்கோ புண் வேகமாக ஆறியது. முடிவு பெயர்பெற்ற இதழில் வந்தது. பத்தியம் அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் தொடர்ந்தது. பால் தற்காலிகமாக எரிச்சலைத் தணித்தாலும் பின்னால் அமிலச் சுரப்பைத் தூண்டவே செய்கிறது என்பது தெரிந்த பிறகும் பால் குடிக்கச் சொன்னார்கள், இன்றும் சொல்கிறார்கள். மிளகாயைப் பொறுத்தவரை டேவிட் கிரகாம் என்ற ஹூஸ்டன் மருத்துவர் 1988இல் செய்தது நம் வீடுகளில் தெரிந்திருக்க வேண்டிய சோதனை. ஆரோக்கியமான தன்னார்வலர்களுக்கு ஒரு நாள் காரமில்லாத சாப்பாடு, ஒரு நாள் அதே சாப்பாட்டுடன் ஆஸ்பிரின், ஒரு நாள் ஹலபீன்யோ மிளகாய் அரைத்துப் போட்ட மெக்சிகோ சாப்பாடு என்று மாற்றி மாற்றிக் கொடுத்து, மறுநாள் எண்டோஸ்கோப்பிக் குழாயை இறக்கி வயிற்றுச் சுவரைப் பார்த்தார். மிளகாய் சாப்பிட்ட வயிறு காரமில்லாததைச் சாப்பிட்ட வயிற்றைப் போலவே இருந்தது. ஆஸ்பிரின் சாப்பிட்ட வயிற்றில்தான் அரிப்பும் ரத்தக் கசிவும். ஏற்கெனவே புண் உள்ள ஒருவருக்குக் காரம் எரியும் என்பது வேறு விஷயம். எரிவதாலேயே அது புண்ணை உண்டாக்கியது என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம்.

சரி, உண்மைக் காரணம் அத்தனை காலம் எங்கே ஒளிந்திருந்தது? எங்கேயும் ஒளியவில்லை. மனித இரைப்பையில் சுருள் வடிவக் கிருமிகளைப் பார்த்ததாக 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே அவ்வப்போது குறிப்புகள் வந்துகொண்டிருந்தன. சரிபார்க்கவும் ஒருவர் முன்வந்தார். அமெரிக்க ராணுவ மருத்துவர் எட்டி பால்மர் 1,180 பேரின் இரைப்பைத் திசுவை எடுத்துப் பார்த்து, ஒன்றில்கூடக் கிருமி இல்லை என்று 1954இல் எழுதினார். ஆயிரத்துக்கு மேற்பட்ட மாதிரிகள். யார்தான் மறுத்துப் பேசுவார்கள்? அத்தனை அமிலத்தில் எந்தக் கிருமியும் பிழைக்காது என்ற பாடப்புத்தக வாசகத்துக்கு அது முத்திரை குத்தியது. ஆனால் பால்மர் திசுக்களுக்கு ஏற்றியது வழக்கமான சாயம். அந்தச் சாயத்தில் இந்தக் கிருமிகள் சரியாகத் தெரிவதில்லை. வெள்ளிச் சாயம் ஏற்றினால் கறுப்பாகத் துலங்கும். எண்ணிக்கை எவ்வளவு பெரிதாக இருந்தாலும், தேடும் பொருளைக் காட்டாத கருவியால் தேடினால் 'இல்லை' என்ற விடைக்கு மதிப்பில்லை. நான் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை என்று யாராவது சொல்லும்போது, இருந்திருந்தால் உங்களுக்குக் கிடைத்திருக்குமா என்று கேட்பது எவ்வளவு அவசியம் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.

மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராயல் பெர்த் மருத்துவமனையின் நோயியல் வல்லுநர் ராபின் வாரன், 1979 ஜூன் மாதத்தில் ஒரு நாள் வயிற்று அழற்சி உள்ள ஒருவரின் திசுவை நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தார். மேற்பரப்பில் மெல்லிய நீலக் கோடு ஒன்று ஓடியது. சாயக் கறை என்று விட்டுவிடக் கூடிய அளவுக்கு மெல்லியது. அவர் விடவில்லை. வெள்ளிச் சாயம் ஏற்றிப் பார்த்தபோது அந்தக் கோடு வளைந்த கிருமிகளின் கூட்டமாகப் பிரிந்து தெரிந்தது. உண்மையாகவே அங்கே கிருமி இருக்குமானால் இத்தனை காலம் யாரும் ஏன் எழுதவில்லை என்று உடன் இருந்தவர்கள் கேட்டார்கள். அது நியாயமான கேள்விதான். வாரன் அதற்கு வாதத்தால் பதில் சொல்ல முயலாமல் இரண்டாண்டுக் காலம் மாதிரி மாதிரியாகச் சேர்த்துக்கொண்டே போனார். கிருமி இருக்கும் இடத்தில் அழற்சியும் இருக்கிறது. அழற்சி இல்லாத இடத்தில் கிருமியைப் பார்ப்பது அரிது. 1981இல் பயிற்சி மருத்துவராக இருந்த பாரி மார்ஷல் அவரோடு சேர்ந்தார். எண்டோஸ்கோப்பிக்கு வந்த 100 பேரை வரிசையாக எடுத்துக்கொண்டார்கள். புண் உள்ளவர்களை மட்டும் பொறுக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 58 பேரிடம் கிருமி இருந்தது. முன்சிறுகுடலில் புண் இருந்த 13 பேரில் 13 பேரிடமும் இருந்தது.

ஆய்வுக்கூடத்தில் அந்தக் கிருமியை வளர்ப்பது மட்டும் நடக்கவில்லை. முப்பதுக்கும் மேற்பட்ட மாதிரிகள் வீணாயின. 48 மணி நேரத்தில் எதுவும் முளைக்காவிட்டால் தட்டைக் குப்பையில் போட்டுவிடுவது ஆய்வுக்கூட வழக்கம். 1982 ஈஸ்டர் விடுமுறையில் ஆட்கள் இல்லாததால் ஒரு தட்டு ஐந்து நாள் கிடந்துவிட்டது. திரும்பி வந்து பார்த்தால் கிருமி வளர்ந்திருந்தது. அது மெதுவாக வளரும் இனம், அவ்வளவுதான். இதை அதிர்ஷ்டம் என்று பலர் எழுதுகிறார்கள். எனக்கு அது ஓர் எச்சரிக்கையாகப் படுகிறது. இரண்டு நாள் என்ற வரம்பும் கேள்வி கேட்கப்படாத ஒரு நம்பிக்கையே. பழைய கருத்தைச் சந்தேகித்தவர்களின் சொந்தக் கூடத்திலேயே அது யார் கண்ணிலும் படாமல் இருந்திருக்கிறது. பின்னாளில் ஹெலிகோபாக்டர் பைலோரி என்று பெயர் பெற்ற அந்தக் கிருமி அமிலத்தில் எப்படிப் பிழைக்கிறது என்பதும் தெளிந்தது. அது யூரியேஸ் என்ற நொதியை ஏராளமாகச் சுரக்கிறது. வயிற்றில் இயல்பாகவே இருக்கும் யூரியாவை அந்த நொதி அமோனியாவாகவும் கரியமில வாயுவாகவும் உடைக்கிறது. அமோனியா சுற்றியுள்ள அமிலத்தைச் சமன்செய்ய, கிருமி தன் வாலிழைகளால் நீந்திச் சளிப்படலத்துக்கு அடியில் போய்த் தங்கிவிடுகிறது. இன்று யூரியா கலந்த திரவத்தைக் குடிக்கக் கொடுத்து, மூச்சில் வரும் கரியமில வாயுவை அளந்து கிருமி இருப்பதைக் கண்டுபிடிக்கும் பரிசோதனை இந்த வேதிவினையை நம்பியே நடக்கிறது.

மார்ஷலைப் பற்றிக் கேள்விப்பட்டவர்கள் எல்லோருக்கும் அடுத்த காட்சி தெரியும். 1984இல் அவர் கிருமி வளர்த்த திரவத்தைத் தாமே குடித்தார். குடிப்பதற்கு முன் எண்டோஸ்கோப்பி செய்து தம் வயிறு நலமாக இருப்பதைப் பதிவு செய்துகொண்டார். சில நாட்களில் காலையில் வாந்தி வந்தது, வாய் நாற்றம் எடுத்தது. பத்தாம் நாள் எடுத்த திசுவில் அழற்சி உறுதியானது. ஆனால் அவருக்கு அல்சர் வரவில்லை, பதினான்காம் நாளுக்குள் அழற்சி பெரும்பாலும் அடங்கியும்விட்டது. ஆகவே இந்தச் சோதனை நிரூபித்தது ஒரு சிறு விஷயத்தை: கிருமி ஏற்கெனவே கெட்ட வயிற்றில் ஒண்ட வருவதில்லை, நல்ல வயிற்றையும் அது அழற்சிக்கு உள்ளாக்கும். அன்றைய மறுப்பாளர்களின் முக்கியமான கேள்வி அதுதான் என்பதால் அது மதிப்புள்ள விஷயமே. மார்ஷலும் தம் கட்டுரையில் அதற்கு மேல் உரிமை கொண்டாடவில்லை. பின்னர் நியூசிலாந்தில் ஆர்தர் மாரிஸ் இதே சோதனையைத் தம் உடலில் செய்துகொண்டபோது அவருக்குத் தொற்று எளிதில் போகாமல் நீடித்தது. கதையாகச் சொல்லும்போது மட்டும், ஒரு மனிதர் ஒரு கோப்பையைக் குடித்து உலகத்தின் வாயை அடைத்தார் என்று ஆகிவிடுகிறது.

வாயை அடைத்தது சலிப்பூட்டும் வேறொன்று: கிருமியை ஒழித்தால் புண் திரும்புவது நிற்கிறதா என்று எண்ணிப் பார்த்த சோதனைகள். அமிலக் கொள்கை சரியாக இருந்தால் ஆன்டிபயாட்டிக்கால் புண்ணின் போக்கில் எந்த வேறுபாடும் வரக் கூடாது. கிருமிக் கொள்கை சரியாக இருந்தால் புண் திரும்புவது வெகுவாகக் குறைய வேண்டும். குறையாவிட்டால் மார்ஷல் தோற்றார். 100 நோயாளிகளை வைத்து, யாருக்கு எந்த மருந்து என்பது நோயாளிக்கும் மருத்துவருக்கும் தெரியாதபடி மார்ஷல் குழு நடத்திய சோதனை 1988இல் வெளிவந்தது. கிருமி ஒழியாதவர்களில் புண் ஆறியது 61 சதவீதத்தினருக்கு; ஆறியவர்களிலும் 84 சதவீதத்தினருக்கு ஓராண்டுக்குள் திரும்ப வந்தது. கிருமி ஒழிந்தவர்களில் 92 சதவீதத்தினருக்கு ஆறியது. திரும்பியது 21 சதவீதத்தினருக்கு மட்டும். மார்ஷலுக்கு எந்த உறவும் இல்லாத வியன்னா மருத்துவர்கள் 1993இல் வெளியிட்ட சோதனையில் இரு தரப்புக்கும் ரானிடிடின் கொடுத்து, ஒரு தரப்புக்கு மட்டும் ஆன்டிபயாட்டிக்கையும் சேர்த்தார்கள். ஓராண்டில் புண் திரும்பியவர்கள் ஒரு பக்கம் 8 சதவீதம், மறுபக்கம் 86 சதவீதம். 1994இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்கள் கூட்டிய நிபுணர் குழு, கிருமி உள்ள அல்சர் நோயாளிகளுக்கு ஆன்டிபயாட்டிக் கொடுக்க வேண்டும் என்று அறிவித்தது. வாரனுக்கும் மார்ஷலுக்கும் 2005இல் நோபல் பரிசு.

இதே முடிவுக்கு இவர்களுக்கு இருபது ஆண்டு முன்னதாகவே வந்த ஒருவர் இருக்கிறார். கிரேக்கத்தின் மெசொலொங்கி ஊரில் மருத்துவம் பார்த்த ஜான் லைகூடிஸ், 1958இல் தம் சொந்த வயிற்றுக் கோளாறுக்கு ஆன்டிபயாட்டிக் எடுத்துக்கொண்டபோது தமது அல்சரும் குணமானதைக் கவனித்தார். அதன் பின் ஆயிரக்கணக்கான நோயாளிகளுக்கு அதே வழியில் சிகிச்சை கொடுத்தார். இதழ்கள் அவருடைய கட்டுரையைத் திருப்பி அனுப்பின, 1968இல் அவருக்கு அபராதம் விதித்தார்கள். 1980இல் அவர் இறந்தபோது பெர்த்தில் வாரன் தம் மாதிரிகளைச் சேர்த்துக்கொண்டிருந்தார். லைகூடிஸுக்கு நேர்ந்தது அநீதி என்பதில் எனக்கு ஐயமில்லை. அவர் சொன்னதைச் சோதித்துப் பார்த்திருக்க வேண்டியது அதிகாரத்தில் இருந்தவர்களின் கடமை. ஆனாலும் அவர் கையில் இருந்தது குணமான நோயாளிகளின் எண்ணிக்கை மட்டும். எந்தக் கிருமி என்று காட்ட முடியவில்லை. அதே மருந்தைப் பெறாத ஒரு குழுவை வைத்து ஒப்பிட்ட சோதனை இல்லை. அல்சர் தானாகவே ஆறும், பிறகு வரும். ஆகவே என் நோயாளிகள் குணமானார்கள் என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். அந்தக் காலத்தில் உதவாத எத்தனையோ வைத்தியங்களைச் செய்தவர்களும் அதையேதான் சொன்னார்கள். வெளியிலிருந்து பார்க்கும் ஒருவருக்கு லைகூடிஸையும் அவர்களையும் பிரித்தறிய வழி இல்லை. சரியான முடிவுக்கு வந்திருந்தும், மற்றவர்கள் அதைப் பின்தொடர்ந்து சரிபார்க்கும் பாதையை அவரால் அமைக்க முடியாமல் போயிற்று.

இங்கே ஒரு மறுப்பு எழும். அன்றைக்கு நிபுணர்கள் எல்லோரும் தவறாக இருந்தார்கள், இன்றைக்கும் அப்படித்தானே இருப்பார்கள், பிறகு தடுப்பூசியைப் பற்றியோ பருவநிலையைப் பற்றியோ அவர்கள் சொல்வதை நான் ஏன் கேட்க வேண்டும் என்று இந்தக் கதையையே ஆயுதமாகத் தூக்குபவர்கள் நிறைய. மார்ஷலைத் தனியாக நின்று போராடிய கலகக்காரராகக் காட்டும் சித்திரம் இந்த வாதத்துக்குத் தீனி போடுகிறது. அந்தச் சித்திரத்தையும் சோதித்துப் பார்க்க வேண்டும். 1983இல் ஆஸ்திரேலிய இரைப்பைக் குடலியல் சங்கத்தின் கூட்டத்துக்கு அவர் அனுப்பிய கட்டுரைச் சுருக்கம் நிராகரிக்கப்பட்டது உண்மை. வந்த 67இல் 56 ஏற்கப்பட்டன என்பதால் அது வலித்திருக்கும். ஆனால் அதே ஆண்டு பிரஸ்ஸல்ஸில் கிருமியியல் ஆய்வாளர்கள் அவர் சொன்னதை ஆர்வத்தோடு கேட்டார்கள். அதே ஆண்டும் அடுத்த ஆண்டும் லான்செட் இதழ் அவர்களுக்கு இடம் கொடுத்தது. ஓரிரு ஆண்டுகளில் பல நாட்டு ஆய்வுக்கூடங்கள் அந்தக் கிருமியைத் தேடிக் கண்டுபிடித்தன. 1984க்கும் 1994க்கும் இடையில் போன பத்தாண்டில் அலட்சியமும் ஆணவமும் இருந்தன, மறுக்கவில்லை. ஆனால் அதில் பெரும்பகுதி, நோயாளிகளை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்க்கும் சோதனைகளுக்கே தேவைப்பட்ட காலம். நிபுணர்களின் தவற்றைத் திருத்தியது நிபுணர்கள் வகுத்த முறைதான். அந்த முறையில் தம் கருத்தைக் கொண்டுபோய் நிறுத்தி, தோற்றால் தோற்கிறேன் என்று சொன்னதால் மார்ஷல் வென்றார். நிபுணர்களை எதிர்ப்பவர்களில் எத்தனை பேர் அதற்குத் தயார் என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி. எனக்கு எதிரான எந்தச் சான்றும் சதியின் பகுதி என்று சொல்பவர், அல்சர் ஆயுள்கால நோய் என்று எழுதிவைத்த பழைய மருத்துவர்கள் செய்த அதே காரியத்தைச் செய்கிறார்.

இன்னொரு மறுப்புக்கு வலு அதிகம். நுண்ணோக்கியும் நூறு நோயாளிகளும் உள்ளவர்கள் சோதிக்கலாம், சம்பளத்துக்கு வேலை பார்த்துக் குடும்பம் நடத்தும் ஒருவர் தம் நம்பிக்கைகளை எப்படிச் சோதிப்பது? சோதனையை நடத்த முடியாதவராலும் சோதனையின் ஒழுக்கத்தைக் கடைப்பிடிக்க முடியும். கவலையால் அல்சர் வரும் என்று நம்புகிறவர், அல்சர் வந்த தெரிந்தவர்களை நினைத்துப் பார்க்கிறார். அவர்கள் எல்லோருக்கும் கவலை இருந்தது. கவலை இல்லாத மனிதன் யார்? கவலையில் மூழ்கியும் வயிறு கெடாதவர்களையும், நிம்மதியாக வாழ்ந்தும் அல்சர் வந்தவர்களையும் அவர் கணக்கில் சேர்க்கவே இல்லை. நாம் நம்பும் எதற்கும் இந்த விடுபட்ட கணக்கை ஒரு தாளில் எழுதிப் பார்க்கலாம். நம் நம்பிக்கை பொய்யாக இருந்தாலும் உலகம் இப்போது தெரிவதைப் போலவே தெரியுமா என்று கேட்கலாம். தெரியும் என்றால், நாம் பார்த்ததெல்லாம் அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் ஆகாது. நமக்குச் சாதகமான ஆய்வின் செய்தியைப் படிக்கும்போது, பாதகமான ஆய்வைப் படிக்கும்போது கேட்கும் அதே கேள்விகளைக் கேட்கலாம். இதற்குப் பணமும் கருவியும் தேவையில்லை. தேவைப்படுவது மனதின் நேர்மை, அது கருவியைவிட அரிது.

அந்த நேர்மை புதிய நம்பிக்கையையும் விட்டுவைக்காது. கிருமிதான் காரணம், கவலைக்கு எந்தப் பங்கும் இல்லை என்று 1990களில் பலர் ஒரேயடியாக மறுபக்கம் சாய்ந்தார்கள். ஆனால் கிருமியைச் சுமப்பவர்களில் பெரும்பாலோருக்கு ஆயுள் முழுக்க அல்சர் வருவதில்லை. இந்தியாவில் பெரியவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களின் வயிற்றில் இது இருக்கிறது. அத்தனை பேரும் நோயாளிகளா என்ன? கிருமியே இல்லாமல் மூட்டு வலி மாத்திரைகளாலும் ஆஸ்பிரினாலும் புண் வருபவர்கள் உண்டு. சூசன் லெவன்ஸ்டைன் குழு டென்மார்க்கில் 3,379 பேரை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்து 2015இல் வெளியிட்ட முடிவில், மன அழுத்தம் மிகுந்தவர்களுக்கு அல்சர் வரும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. கிருமி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அப்படித்தான். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1994இல் இந்தக் கிருமியை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று அறிவித்தது. அமெரிக்க ஆய்வாளர் மார்ட்டின் பிளேசரோ, மனிதரோடு பல்லாயிரம் ஆண்டு வாழ்ந்த இந்தக் கிருமி உணவுக்குழாயைச் சில நோய்களிலிருந்து காக்கவும் கூடும் என்று வாதிட்டு வருகிறார். இவற்றால் வாரனும் மார்ஷலும் பொய்யாகிவிடவில்லை. கிருமியை ஒழித்தவர்களுக்குப் புண் திரும்புவது வெகுவாகக் குறையும் என்ற முடிவு இன்றும் அப்படியே நிற்கிறது. கவலையை முழுக்கக் கைகழுவியதில்தான் நாம் அவசரப்பட்டோம். கவலை காரணம் என்று சொன்ன பழையவர்கள் தவறான ஆதாரத்தை வைத்துக்கொண்டு பாதி உண்மையைச் சொல்லியிருக்கிறார்கள். அதை ஏற்பதற்கு, பழைய பக்கம் புதிய பக்கம் என்று கட்சி பிரித்துப் பார்க்கும் பழக்கத்தை விட வேண்டும்.

இதைப் படிப்பவர்களில் பல ஆண்டுகளாக அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை விழுங்கிக்கொண்டிருப்பவர்கள் இருப்பீர்கள். மாத்திரையை நிறுத்தியதும் வலி திரும்புகிறது என்றால், ஹெலிகோபாக்டர் பைலோரி இருக்கிறதா என்று மூச்சுப் பரிசோதனையோ மலப் பரிசோதனையோ செய்து பார்க்கலாமா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். மூட்டு வலிக்கோ தலைவலிக்கோ எடுக்கும் மாத்திரைகளின் பெயர்களையும் மறைக்காமல் சொல்லுங்கள். இந்த அத்தியாயத்தைப் படித்த வேகத்தில் மருந்துக் கடைக்குப் போய் நீங்களாகவே ஆன்டிபயாட்டிக் வாங்கிச் சாப்பிட்டுவிடாதீர்கள். அரைகுறையாக எடுத்த மருந்துகளால் இந்தக் கிருமி நம் நாட்டில் ஏற்கெனவே சில ஆன்டிபயாட்டிக்குகளுக்குக் கட்டுப்படாமல் போய்விட்டது.